பாம்புக்குச் சோறு போட்ட கதை

பரீட்சைக்குப் படிக்க வேண்டிய நேரத்தில் உட்கார்ந்து இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். வகுப்புத் தோழர்கள் யாரும் வீட்டில் போட்டுக்கொடுத்துவிடாதீர்கள்.

இந்தப் பதிவுக்குக் காரணம் டல்லாஸில் இருக்கும் என் அத்தை மகன். அவன் வீட்டில் ஒரு பாம்பு வளர்க்கிறான். பால் பைத்தான் என்று அவன் சொன்னபோது, பால் குடிக்கும் பாம்பு போலிருக்கிறது என்றுதான் முதலில் நினைத்தேன். அது அந்தப் பால் இல்லையாம், பந்து. பயந்தால் தலையை உள்ளே வைத்துப் பந்துபோலச் சுருண்டுகொள்ளும் ஆப்பிரிக்க மலைப்பாம்பு. சாதுவானது. இரண்டு வருடமாகப் படம் அனுப்பிக்கொண்டே இருப்பான். "எப்படி இருக்கா பாரு, கொழுகொழுன்னு!" என்பான். நானும் "செம அழகு" என்று பதில் போடுவேன். சில மாதங்களுக்கு முன் கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோயிருக்கிறான். அவர் தராசில் வைத்துப் பார்த்துவிட்டுச் சொன்னாராம்: "தம்பி, இது அழகு இல்லை. இது கொழுப்பு. ஈரல் வரைக்கும் ஏறியிருக்கலாம்." மூன்று கிலோ நூறு கிராம். அவன் வைத்திருப்பது பெண் பாம்பு. அந்த நீளத்துக்கு இரண்டு கிலோவுக்குக் கொஞ்சம் மேலே இருந்தால் போதுமாம்.

பாம்புக்குக்கூடத் தொப்பை போடுமா? எனக்கு அதுதான் முதல் ஆச்சரியம். நமக்குத் தெரிந்த பாம்பெல்லாம் பட்டினிப் பாம்புகள்தான். மகுடிக்காரரின் கூடைக்குள் சுருண்டு கிடப்பவை. சரி, மனிதன் எப்போதிலிருந்து பாம்புக்குச் சாப்பாடு போடுகிறான், என்ன போட்டான், எவ்வளவு போட்டான் என்று தேட ஆரம்பித்தேன். தேடத் தேடப் படிப்பு கெட்டதுதான் மிச்சம். ஆனால் கதை பிரமாதம்.

முதல் காட்சி கிரேக்க நாட்டில். கி.மு. 480. பாரசீகப் பேரரசன் செர்க்சஸ் பெரும்படையோடு ஏதென்ஸை நோக்கி வந்துகொண்டிருக்கிறான். ஏதென்ஸ் நகரின் அக்ரோபோலிஸ் குன்றில், கோயிலுக்குள் ஒரு பெரிய பாம்பு காவலாக வாழ்கிறது என்பது ஊராரின் நம்பிக்கை. அதற்கு மாதாமாதம் தேன் கலந்த பணியாரம் ஒன்று படையல் வைப்பார்களாம், அதுவும் தீர்ந்துவிடுமாம். அந்த மாதம் மட்டும் பணியாரம் வைத்தது வைத்தபடியே கிடந்தது. பூசாரிணி வந்து சொன்னாள். பாம்பு சாப்பிடவில்லை என்றால் அம்மனே ஊரைவிட்டுப் போய்விட்டாள் என்றுதானே அர்த்தம் என்று ஜனங்கள் மூட்டை கட்டினார்கள். இதை எழுதியவர் ஹெரோடோட்டஸ். அவருக்குப் பல நூற்றாண்டு பிந்திய புளூட்டார்க், ஊரைக் காலி செய்யவைக்கத் தெமிஸ்டோக்ளிஸ் என்ற தலைவர் செய்த தந்திரம் இது என்கிற மாதிரி எழுதுகிறார். எது எப்படியோ, ஒரு பாம்பு சாப்பிட்டதா இல்லையா என்பதை வைத்து ஒரு நகரமே காலியானது.

இதில் வேடிக்கை என்னவென்றால், பாம்பு பணியாரமே சாப்பிடாது! பாம்புகள் எல்லாமே ஊன் உண்ணிகள். மாதாமாதம் அந்தத் தேன் பணியாரத்தைத் தின்றது எலியா, பூசாரியா என்பது அந்த அம்மனுக்கே வெளிச்சம்.

சிரிக்காதீர்கள். நாம் மட்டும் என்னவாம்? ஆடி மாதம் புற்றுக்குப் பால் ஊற்றி முட்டை வைக்கிறோம். முட்டையை நாகப்பாம்பு சில சமயம் தின்னும். பால் அதன் உணவே இல்லை. வடக்கே நாகபஞ்சமிக்குப் பாம்பாட்டிகள் பாம்பைத் தண்ணீர்கூடக் காட்டாமல் பல நாள் வைத்திருந்து, பிறகு பாலை நீட்டுவார்கள். தாகத்தில் தவிக்கும் பாம்பு எந்தத் திரவத்தையும் குடித்துவிடும். பார்ப்பவர்கள் "ஆகா, பால் குடிக்கிறது" என்று கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள். நமக்குப் பிடித்ததை அதற்குப் படைத்து, அது சாப்பிட்டதாக நாமே நம்பிக்கொள்வதில் ஏதென்ஸ்காரர்களும் நாமும் ஒரே ஜாதி. (எங்கள் பாட்டி இதைப் படிக்கமாட்டார் என்ற தைரியத்தில் எழுதுகிறேன்.)

அடுத்தது எகிப்து. கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவை ஆண்ட இரண்டாம் தாலமிக்கு விநோத மிருகங்கள் என்றால் உயிர். கொண்டுவருபவர்களுக்கு அள்ளிக் கொடுப்பாராம். பரிசுக்கு ஆசைப்பட்டு எத்தியோப்பியப் பக்கம் போன வேட்டைக்காரர்கள் சிலர், முப்பது முழ நீளப் பாம்பு ஒன்றைக் கண்டார்கள் என்று டியோடோரஸ் எழுதியிருக்கிறார். அதாவது நாற்பத்தைந்து அடி! இந்த அளவை நம்பவேண்டாம். இன்று உலகில் ஒழுங்காக அளக்கப்பட்ட எந்தப் பாம்பும் அதன் பக்கத்தில்கூட வராது. முதல் முயற்சியில் கயிற்றோடு போனவர்களில் இரண்டு பேர் செத்தார்கள். அப்புறம் நாணலால் பெரிய கூடை பின்னி, பாம்பின் வளையை அடைத்துவிட்டு அதன் பக்கத்தில் கூடையை வைத்து, கொம்பு ஊதி, கூச்சல் போட்டு, விரட்டி உள்ளே மாட்டவைத்தார்கள்.

எனக்கு முக்கியமாகப் பட்டது அதற்குப் பிறகு வரும் வரி. அரண்மனையில் அதற்குச் சாப்பாட்டைக் குறைத்துக் குறைத்துக் கொடுத்தார்களாம். அதன் மூர்க்கம் கொஞ்சம் கொஞ்சமாக அடங்கி, விருந்தாளிகள் வியக்கும்படி சாதுவாகிவிட்டதாம். கூண்டுப் பாம்பின் சாப்பாட்டு அளவைப் பற்றி நான் கண்ட மிகப் பழைய குறிப்பு இதுதான், அதுவே பட்டினி போட்ட குறிப்பு. பசியில் துவண்டு கிடப்பதைப் பார்த்துப் "பழகிவிட்டது" என்று பெயர் வைத்தார்கள்.

ரோமில் கொஞ்சம் பரவாயில்லை. கி.பி. 37-ல் இறந்த திபேரியஸ் சக்கரவர்த்தி ஒரு பாம்பைச் செல்லமாக வளர்த்தார். தன் கையாலேயே ஊட்டுவார். ஒருநாள் வழக்கம்போல ஊட்டப் போனால், எறும்புகள் மொய்த்து அதைத் தின்றிருந்தன. "கும்பலின் பலத்துக்கு அஞ்சு" என்று சகுனம் சொன்னார்கள். ரோமுக்குள் நுழையவந்த சக்கரவர்த்தி அப்படியே திரும்பிவிட்டார் என்கிறார் சூட்டோனியஸ். அந்தப் பாம்புக்கு என்ன ஊட்டினார் என்று மட்டும் யாரும் எழுதிவைக்கவில்லை!

இனி ஒரே தாவாக லண்டன். நடுவில் ஆயிரத்தெண்ணூறு ஆண்டுகளைத் தாண்டிக் குதிப்பதற்கு மன்னிக்கவும். கூண்டுக்குள் வைத்து, வாராவாரம் சாப்பாடு போட்டு, குறிப்பெழுதும் வழக்கம் ஐரோப்பாவின் மிருகக்காட்சி சாலைகளோடுதான் வலுத்தது.

லண்டன் கோபுரக் கோட்டையில் அப்போது அரசரின் மிருகச்சாலை இருந்தது. அதன் காப்பாளர் ஆல்ஃபிரட் காப்ஸ். 1820-களில் ஒருநாள் போவா பாம்பு ஒன்றுக்குக் கோழியை நீட்டினார். பாம்பு சட்டை உரிக்கும் தறுவாயில் இருந்தது. அந்தச் சமயத்தில் பாம்பின் கண்மேல் படலம் பூத்திருக்கும், பார்வை மங்கும். கோழிக்குக் குறிவைத்து அவர் கட்டைவிரலைக் கவ்விவிட்டது. அடுத்த நொடி கை, கழுத்து என்று சுற்றிவிட்டது. உதவியாட்கள் இருவர் ஓடிவந்து பாம்பின் பற்களை உடைத்துத்தான் அவரை மீட்டார்கள். சட்டை உரிக்கும் நேரத்தில் பாம்புக்குச் சாப்பாடு நீட்டாதே என்று இன்று பாம்பு வளர்க்கும் சின்னப் பையன்கூடச் சொல்வான். காப்ஸ் அதற்குக் கட்டைவிரலைக் கொடுத்துப் படித்தார்.

பிறகு 1849-ல் லண்டன் ரீஜண்ட் பூங்காவில் ஊர்வனவற்றுக்கென்றே தனி வீடு திறந்தார்கள். உலகிலேயே முதல் முறை. பாம்புக்குச் சாப்பாடு போடும் நேரம் என்றால் கூட்டம் அலைமோதும். முயல், கினிப்பன்றி, பறவை எல்லாம் உயிரோடு உள்ளே விடப்படும். தற்செயலாக அதைப் பார்த்துவிட்ட எழுத்தாளர் சார்லஸ் டிக்கன்ஸ், அந்தக் காட்சியின் கோரம் மனதைவிட்டு அகலவில்லை என்று நண்பருக்குக் கடிதம் எழுதினார். எதிர்ப்பும் எழுந்தது. இன்னொரு பக்கம் அதே காட்சியை நோட்டுப் புத்தகத்தோடு போய்ப் பார்த்தவர்களும் உண்டு. கேத்தரின் ஹோப்லி என்ற பெண்மணி 1882-ல் பாம்புகளைப் பற்றித் தடிமனான புத்தகம் ஒன்று எழுதினார். பாம்பு சாப்பிடுவதைப் பார்ப்பதுதான் அதன் முதல் அத்தியாயமே.

ஆனால் அந்தக் காலத்துப் பாம்புகள் பல சாப்பிட மறுத்துச் செத்தன. பசியில்லையா என்றால், பிரச்சினை பசி இல்லை, குளிர். நம் உடம்புபோலப் பாம்பின் உடம்பு தானே சூட்டை உண்டாக்கிக்கொள்வதில்லை. வெளிச் சூடு இல்லாவிட்டால் விழுங்கியது செரிக்காது. வயிற்றுக்குள்ளேயே அழுகும். இல்லை, கக்கிவிடும். லண்டன் குளிருக்கு அவர்கள் கண்ட வைத்தியம் கம்பளி. கம்பளிக்குள் சுருண்டிருந்த போவா ஒன்று அந்தக் கம்பளியையே இரையென்று விழுங்கிவிட்டு, பல வாரம் கழித்துக் கக்கிய சம்பவம் லண்டனில் நடந்திருக்கிறது. பாவம், போர்வையும் போச்சு, சாப்பாடும் இல்லை :-)

சாப்பிடாத பாம்பெல்லாம் நோயாளி இல்லை என்பதற்கும் அதே காலத்தில் சாட்சி கிடைத்தது. 1841-ல் பாரிஸ் தாவரவியல் தோட்டத்தில் மலைப்பாம்பு ஒன்று பதினைந்து முட்டை இட்டு, அவற்றைச் சுற்றிச் சுருண்டு அடைகாத்தது. சுமார் இரண்டு மாதம். அவ்வப்போது தண்ணீர் குடித்ததே தவிர இரை எடுக்கவில்லை. எட்டுக் குட்டிகள் வெளிவந்தன. வலான்சியேன் என்ற அறிஞர் தெர்மாமீட்டரோடு கூடவே இருந்து பதிவு செய்தார். அடைகாக்கும் நாட்களில் அந்தத் தாய்க்கு விரதமே இயல்பு.

இந்தப் பாடம் அமெரிக்காவுக்குப் போய்ச் சேரவில்லை போலும். 1920-களில் சான் டியாகோ மிருகக்காட்சி சாலைக்கு டயாப்லோ என்று ஒரு ராஜ மலைப்பாம்பு வந்தது. இருபது அடிக்கு மேல். பெயருக்கு ஸ்பானிய மொழியில் சாத்தான் என்று பொருள். வந்த நாளிலிருந்து இரையைத் தொடவில்லை. செத்துவிடுமோ என்று பயந்து, ஆட்கள் வரிசையாக நின்று அதை நீட்டிப் பிடித்துக்கொள்ள, வாய்க்குள் குழாயைச் செருகி, அரைத்த இறைச்சியை இயந்திரத்தால் உள்ளே தள்ளினார்கள். நியூயார்க் பிராங்ஸ் மிருகக்காட்சி சாலையில் ரேமண்ட் டிட்மார்ஸும் மலைப்பாம்புகளுக்கு இப்படி வலுக்கட்டாயமாக ஊட்டியவர்தான். அவர் உபயோகித்தது கழியும் முயல்களும். டயாப்லோ விஷயத்தில் வேறு ஒன்று நடந்தது. பார்க்கக் கூட்டம் வந்தது. ஆயிரக்கணக்கில் வந்தது. வைத்தியமாக ஆரம்பித்தது திருவிழாவாகிவிட்டது. தாலமியின் பாம்பைப் பட்டினி போட்டு வேடிக்கை பார்த்தார்கள், டயாப்லோவுக்குத் திணித்து வேடிக்கை பார்த்தார்கள். இரண்டிலும் பாம்புக்கு எது தேவை என்ற கேள்வி கடைசியில்தான் வந்தது.

அந்தக் கேள்வியை ஒழுங்காகக் கேட்டவர்களில் ஒருவர் ஜோன் புரோக்டர். 1923-ல் லண்டனில் ஊர்வனப் பிரிவின் பொறுப்பாளரானபோது இருபத்தாறு வயதுகூட இல்லை. எப்போதும் உடல்நலமில்லாதவர். 1931-ல் முப்பத்துநான்கு வயதில் இறந்துவிட்டார். அந்தச் சில வருடங்களுக்குள், பாம்பு தனக்கு வேண்டிய சூட்டைத் தேடிப் போய்ப் படுக்கும்படி கூண்டுக்குள்ளேயே இடத்துக்கு இடம் மாறுபடும் வெப்பத்தோடு புது வீடு ஒன்றை வடிவமைத்தார். அது திறந்தது 1927-ல். சாப்பாட்டைத் திணிப்பதற்கு முன் சூட்டைச் சரிசெய் என்ற எளிய விஷயம். இவரைப் பற்றித் தனிப் பதிவே போடலாம். போடுவேன்.

சூட்டுப் பிரச்சினை தீர்ந்தது. எலிகளை லட்சக்கணக்கில் வளர்த்து உறையவைத்து விற்கும் தொழிலும் வந்தது. கானா, டோகோ, பெனின் நாடுகளிலிருந்து பால் பைத்தான்கள் கப்பலேறின. பாம்பு வீட்டுப் பிராணியானது. அங்கேதான் கதை தலைகீழாகிறது. இப்போது பாம்பு மறுப்பதில்லை. காட்டில் அடுத்த இரை எப்போது வரும் என்று தெரியாத பிராணி அது. கிடைக்கும்போது விழுங்கிவிடு என்பதுதான் அதன் புத்தி. நீட்டினால் வாங்கும், அவ்வளவுதான். சீக்கிரம் பெரிதாக்கினால் சீக்கிரம் குட்டி எடுத்து விற்கலாம் என்று வாரத்துக்கு இரண்டு மூன்று தடவை தீனி போடும் பழக்கம் சில வியாபாரிகளிடம் வந்தது. இதற்குப் பவர் ஃபீடிங் என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். பிராய்லர் கோழிக் கணக்குதான்.

இதன் உச்சம் பேபி. அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில், கர்னி என்ற ஊரில் செர்பென்ட் சஃபாரி என்ற காட்சிச்சாலையில் இருந்த பர்மா மலைப்பாம்பு. 1998-ல் எடை போட்டபோது சுமார் 183 கிலோ. உலகிலேயே கனமான பாம்பு என்று கின்னஸில் ஏறியது. நீளம் இருபத்தேழு அடி என்று சொல்லிக்கொண்டார்கள். செத்த பிறகு நீட்டி அளந்தால் 5.74 மீட்டர். பத்தொன்பது அடிகூட இல்லை! இந்தத் திருத்தம் 2012-ல் ஆய்விதழ் ஒன்றில் வெளிவந்தது. இப்போது இதைப் பாருங்கள். பர்மா மலைப்பாம்புகள் காட்டில் பெருகிவிட்ட புளோரிடாவில் 2023-ல் பிடிபட்ட ஒன்று 5.8 மீட்டர். கிட்டத்தட்ட அதே நீளம். எடை? 57 கிலோ. அதாவது பேபியின் எடையில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. அதே புளோரிடாவில் பிடிபட்டு 2022-ல் அறிவிக்கப்பட்ட, வயிறு நிறையக் கருமுட்டைகளோடு இருந்த தாய்ப்பாம்புகூட 98 கிலோதான். பேபியைப் பார்க்கச் சீட்டு வாங்கி வந்தவர்கள் எல்லாம் பிரமாண்டம் என்று வாய் பிளந்திருப்பார்கள். நானும் அங்கே இருந்திருந்தால் "செம அழகு" என்றுதான் சொல்லியிருப்பேன். டல்லாஸ் படங்களுக்குச் சொன்னவன்தானே.

பூனைகளில் மிகக் குண்டானது எது என்ற சாதனையைக் கின்னஸ்காரர்கள் எப்போதோ நிறுத்திவிட்டார்கள். ஆட்கள் சாதனைக்காகத் தீனி திணிக்கக்கூடாது என்பதற்காக.

இத்தனைக்கும் பாம்பின் உடம்பு எவ்வளவு சிக்கனமானது என்று அதற்குள் ஆய்வகங்களில் தெரிந்துவிட்டிருந்தது. 1990-களில் ஸ்டீபன் செகோரும் ஜேரட் டயமண்டும் மலைப்பாம்புகளை ஆராய்ந்தார்கள். விரத நாட்களில் குடல் சுருங்கிக் கிடக்கிறது. இரை விழுந்ததும் ஓரிரு நாளில் குடலின் எடை இரட்டிப்பாகிறது. ஈரல், சிறுநீரகம் எல்லாம் பெருக்கின்றன. இதயமே இரண்டு நாளில் 40 சதவீதம் வளர்கிறது என்று 2005-ல் இன்னொரு குழு கண்டது. செரித்து முடிந்ததும் எல்லாம் பழையபடி சுருங்கிவிடும். கல்யாண மண்டபத்தில் பந்திக்குப் பந்தி இலை போட்டு எடுக்கிற மாதிரி. இலை எடுப்பதற்குள் அடுத்த பந்தி, அதற்குள் அடுத்தது என்று தள்ளிக்கொண்டே இருந்தால், அந்த உடம்பு ஓய்வது எப்போது? மிஞ்சியது கொழுப்பாகத்தான் சேரும். 2007-ல் மார்ஷல் மெக்யூ மூன்று வகைப் பாம்புகளைச் சுமார் ஆறு மாதம் வரை இரையில்லாமல் வைத்துப் பார்த்தார். அவை தங்கள் உடம்பின் எரிபொருள் செலவை 72 சதவீதம் வரைகூடக் குறைத்துக்கொண்டன. பட்டினியிலும் நீளத்தில் வளர்ந்தன! இதைப் படித்துவிட்டு யாரும் பட்டினி போடக் கிளம்பவேண்டாம். தாங்கும் என்பது வேறு, நல்லது என்பது வேறு.

சரி, பாம்பு சரியான எடையில் இருக்கிறதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? அத்தை மகனுக்கு மருத்துவர் சொன்னது இது. முதுகைக் குறுக்குவெட்டாக மனதில் பாருங்கள். ஓட்டு வீட்டுக் கூரைபோல முதுகெலும்பு துருத்திக்கொண்டு, தோல் தொளதொள என்றிருந்தால் மெலிவு. கூரையின் முனை மழுங்கி உருண்டையாக இருந்தால் சரி. முதுகெலும்பு இருக்கும் இடத்தில் மேடே இல்லாமல் பள்ளம் விழுந்து, செதிலுக்கும் செதிலுக்கும் நடுவே தோல் தெரிந்து, வளையும்போது மடிப்பு விழுந்தால் அது கொழுப்பு. இரை, பாம்பின் உடம்பு எங்கே அதிகப் பருமனோ அந்த அளவுக்கு இருந்தால் போதும். குட்டிக்கு வாரம் ஒன்று. வளர்ந்த பால் பைத்தானுக்கு இரண்டு, மூன்று வாரத்துக்கு ஒன்றே தாராளம். குளிர்காலத்தில் அது சில மாதம் சாப்பிடாமல் கிடப்பதும் உண்டு. எடை குறையாதவரை பதற்றம் வேண்டாம்.

மெலிந்த பாம்பைத் தேற்றுவதற்கும் இதே நிதானம்தான். எங்கோ பட்டினி கிடந்து மீட்கப்பட்ட பாம்பின் முன்னால் பெரிய எலியை நீட்டுவது பெரிய தப்பு. முதலில் தண்ணீர், சூடு. பிறகு மிகச் சின்ன இரை, இடைவெளி விட்டு. காய்ந்து கிடந்த உடம்பில் திடீரென்று விருந்து விழுந்தால் ரத்தத்தில் உப்புகளின் சமநிலை குலைந்து உயிரே போகலாம். டயாப்லோவைப் பிடித்துக்கொண்டு நின்றவர்களுக்கு இது தெரியாது.

நம் ஊர் நண்பர்களுக்கு ஒரு விஷயம்: நம் நாட்டுப் பாம்புகளைப் பிடித்து வீட்டில் வளர்ப்பது 1972-ம் வருட வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். பார்க்க ஆசையிருந்தால் கிண்டி பாம்புப் பண்ணைக்குப் போங்கள். அங்கே மலைப்பாம்பு அசையாமல் படுத்திருந்தால் "ஐயோ, சாப்பாடே போடலையா" என்று கண்ணாடியைத் தட்டாதீர்கள். ஆறாம் வகுப்புச் சுற்றுலாவில் தட்டி, வாத்தியாரிடம் குட்டு வாங்கியவன் நான்.

அத்தை மகன் இப்போது வாராவாரம் போட்டுக்கொண்டிருந்த பெரிய எலியை நிறுத்திவிட்டு, நான்கு வாரத்துக்கு ஒரு சின்ன எலிக்கு வந்திருக்கிறான். மாதம் ஒருமுறை தராசு. கூண்டில் ஏறி இறங்க ஒரு கட்டையும் போட்டிருக்கிறான். போன ஞாயிற்றுக்கிழமை 2,840 கிராம். அது சாயங்காலமானால் கூண்டு மூலையில் வந்து தலையைத் தூக்கி அவனையே பார்க்கிறதாம். "பாவமா இருக்குடா, ஒண்ணே ஒண்ணு போட்டுடவா?" என்று இரவு இரண்டு மணிக்கு எனக்குச் செய்தி அனுப்புகிறான். வேண்டாம் என்று சொல்லிவிட்டுத்தான் படுத்தேன்.